அலமாரிக் காலடியில் நின்ற சொல்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில், அமுதவள்ளியின் வீட்டு இணையக் கம்பிக்குள் மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒரு சொல் சிக்கிக்கொண்டது. அவள் மகன் சிவநேசன் சரக்குக் கப்பலில் வேலை செய்பவன். ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்பாமல் இன்னும் எட்டு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கப்பல் புறப்படும் முன் அம்மாவை அழைத்தான். பழைய மேசைக் கணினியில் அவன் முகம் "போயிட்டு" என்றபோது படம் உறைந்தது. "வரேன்" வரவில்லை. கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டது, கைப்பேசியும் எட்டவில்லை. "போறேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்குபவரைத் திரும்ப அழைத்து, "வரேன்" சொல்ல வைத்து அனுப்பும் வீடு அது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து கணினியில் ஒரு மின்னஞ்சல் திறப்பதற்குள் ஒரு உலை அரிசி வெந்துவிடும்.

பத்தாம் நாள் கிள்ளானிலிருந்து விமலன் பழுது பார்க்க வந்தான். "ஆன்டி, இந்த கம்ப்யூட்டர் எனக்கு அண்ணன் லா," என்று சிரித்தபடி அதை நிறுத்தி மறுபடி போட்டான். தன் மடிக்கணினியை வாசலருகே இருந்த இணையப் பெட்டியில் செருகிப் பார்த்தான். "இங்க பறக்குது. கேபிள்லதான் கோளாறு." கம்பியைத் தடவிக்கொண்டே போனவன் கூடத்து இரும்பு அலமாரியருகே குனிந்தான். அதன் கால் கம்பியை நசுக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம், தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது. சொல் சிக்கினால் இப்படித்தான் வீங்கும், செலாயாங்கில்கூட ஒரு வீட்டில் பார்த்தேன் என்றான்.

"என் பையன் சொன்ன 'வரேன்'தான் தம்பி. சீக்கிரம் விட்டுடு."

இருவரும் அலமாரியை நகர்த்தினார்கள். வீக்கம் அசைந்தது. அவள் உள்ளறைக்கு ஓடிக் கணினியின் ஒலிபெருக்கியில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

"ஆன்டி," விமலன் குரலில் சிரிப்பு இல்லை. "இது கம்ப்யூட்டர் பக்கம் வரல. வாசல் பக்கம் போவுது. இது அவர் சொன்னது இல்ல. நீங்க சொன்னது, அவருக்குப் போவுது."

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டபோதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. உறைந்த முகத்தைப் பார்த்து, கேட்காது என்ற தைரியத்தில், "போ, அப்படியே போய்த் தொலை" என்று சொன்னவள் அவள்தான். மகனின் சொல் வராததற்காகத்தான் பயப்படுகிறோம் என்று பத்து நாளும் நம்பியிருந்தாள். பயம் தன் வாயிலிருந்தே கிளம்பியிருந்தது.

"வெட்டிடவா ஆன்டி?"

"வேணாம், வேணாம். வெட்டினா எங்க போய் விழுமோ!"

வீக்கம் பெட்டியை அடைய ஒரு சாண்தான் இருந்தது. அலமாரியை வாசல்வரை இழுத்துவந்து, அந்த ஒரு சாணுக்குள் கம்பியின் மேல் அதன் காலை நிறுத்தினார்கள். அது வந்து முட்டி நின்றது.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறார்கள். நவம்பரில் பயணப் பெட்டியோடு வந்த சிவநேசனும் அப்படித்தான் நுழைந்தான். "ஏம்மா நெட் இப்படி ஊருது? இந்த அலமாரியக் கொஞ்சம் தள்ளிப் போடவா?" என்று அதில் கை வைத்தான்.

"அது அங்கேயே இருக்கட்டும்," என்றாள் அமுதவள்ளி. அவன் கையை எடுக்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.