உட்கார்ந்திருந்த குற்றம்

தேவர்சோலையில் வேலாமணி தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு மேலே சரிவில் நின்ற சில்வர் ஓக் மரம் கூரை மேல் விழுந்தது. ஜூலை மாதக் காற்று. தகரமும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து அவள் வலது காலை மெஷினோடு நசுக்கின.

மரம் கருணாகரனுடையது. மேட்டில் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தார். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவரும் அவர்தான். தகரத்தைப் புரட்டி, அவளைத் தூக்கித் தன் ஜீப்பில் கிடத்திக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாதம் பிழைத்தது, கணுக்கால் மடங்காமல் போயிற்று. இனி மெஷின் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கணவன் இறந்த பிறகு வேலாமணிக்குத் தையல்தான் பிழைப்பு.

கட்டிலருகே நின்ற கருணாகரன், "என்ன பண்றது அம்மிணி, எல்லாம் தெய்வச் செயல்" என்றார்.

அதுவரை அவளுக்கு வழக்குப் போடும் எண்ணம் இல்லை. மரம் சாய்ந்து வருகிறது என்று முந்தின மழைக்காலத்திலிருந்தே அவள் சொல்லி வந்திருந்தாள். சொன்னது கருணாகரனிடம், தெய்வத்திடம் அல்ல. ஊன்றுகோலோடு வீடு திரும்பியதும் ஊட்டியில் ஜெஸிந்தா என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அஜாக்கிரதையால் வந்த காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு சப் கோர்ட்டில் வழக்குப் பதிவாயிற்று.

வாய்தாவுக்குப் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. கருணாகரன் எப்படியும் ஊட்டி போக வேண்டியவர். முதல் வாய்தா அன்று காலையில் ஜீப்பை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பிரதிவாதி ஓட்ட, வாதி முன்சீட்டில் உட்கார்ந்து, நடுவட்டம் வழியாகப் போனார்கள். மழை, கொழுந்து விலை, ஊர்க் கல்யாணங்கள் பற்றிப் பேசினார்கள். கோர்ட் வாசலில் இறங்கி ஆளுக்கொரு வக்கீலிடம் போனார்கள். வக்கீல்கள் இருவருக்கும் இது பிடிக்கவில்லை. கூடாதென்று சொல்லச் சட்டத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

எதிர்பாராத பெருங்காற்று, மனித சக்திக்கு மீறிய தெய்வச் செயல் என்பது கருணாகரன் தரப்பு. அவர் கூண்டில் ஏறியதும், மரம் சாய்ந்திருப்பதை வேலாமணி உங்களிடம் சொன்னாரா என்று ஜெஸிந்தா கேட்டார். ஞாபகமில்லை என்று சொல்லும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"சொன்னாங்க," என்றார் கருணாகரன். "நானும் போய்ப் பாத்தனுங்க. அதுல மிளகுக்கொடி ஏறியிருந்துச்சு. காய் பறிச்சுப்போட்டு வெட்டிக்கலாம்னு விட்டுட்டனுங்க."

அவருடைய வக்கீல் அத்துடன் தெய்வத்தைக் கைவிட்டார். மரம் சாய்ந்திருப்பது வேலாமணிக்கும் தெரியும், தெரிந்தும் அதன் கீழே உட்கார்ந்து தைத்தது அவளுடைய அஜாக்கிரதை என்று வாதத்தை மாற்றினார். நீதிபதிக்கு அதில் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. தவறில் முக்கால் பங்கு கருணாகரனுடையது, மீதி வேலாமணியுடையது என்று தீர்ப்பு வந்தது. நஷ்டஈட்டிலும் அவள் பங்கு கழிந்தது.

திரும்பும்போது பைக்காரா தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏனுங்ணா, நான் வேற எங்க போய் உக்காந்திருக்கோணும்?"

"அது வக்கீல் சொன்னதுங்க அம்மிணி."

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

கருணாகரன் கியரை மாற்றினார்.

கோர்ட் சொன்னதை அவர் இழுத்தடிக்காமல் கட்டினார். வேலாமணி மெஷினுக்கு மோட்டார் வைத்தாள். விவகாரம் முடிந்தது என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தைக்கும்போது அவள் அடிக்கடி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. மெஷினை மூலைக்கு நகர்த்திப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான் இருந்தது.

அப்பீல் போட்டால் கிடைப்பது செலவுக்கே சரியாகிவிடும் என்று ஜெஸிந்தா சொன்னார். பணத்துக்காக இல்லை, அந்தத் தப்பு தன்னுடையதில்லை என்று ஆகவேண்டும் என்றாள் வேலாமணி.

ஜில்லா கோர்ட்டுக்கும் அதே ஜீப்பில்தான் போனார்கள். அங்கே நீதிபதி கருணாகரனின் வக்கீலிடம், அந்த அம்மாள் வீட்டில் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார். சமையலறையில் இருந்திருக்கலாம் என்றார் வக்கீல். நீதிபதி வீட்டின் வரைபடத்தைப் பார்த்தார். மரத்தின் நுனி சமையலறை மேல்தான் விழுந்திருந்தது.

தன் வீட்டில் தன் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது அஜாக்கிரதை ஆகாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. தவறு முழுவதும் மரத்துக்காரருடையது. ஜெஸிந்தா அதை வராந்தாவில் நின்று தமிழில் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் வேலாமணி. பக்கத்தில் நின்ற கருணாகரனும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடிந்ததும் ஜீப்பைத் திருப்பப் போனார்.

வீட்டுக்குப் போனதும் அவள் மெஷினை மூலையிலிருந்து பழைய இடத்துக்கே நகர்த்தினாள். அங்கேதான் வெளிச்சம் இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் கருணாகரன் தனக்குச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தார். வேலாமணி அளவெடுத்தாள். கூலியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.