சுவாமியார் வீட்டுப் பெட்டி

1991 பங்குனி, ஒரு சனிக்கிழமை காலை. பிளேஸ்டோவில் மரியநாயகி அக்காவின் குசினி. யன்னல் பக்கக் கதிரையில் அக்கா. கதவோரம், தேத்தண்ணிக் கோப்பையோடு மேல்வீட்டுக் கனகலிங்கம் அண்ணை. மேசைத் தலைப்பில் நான், ஞானரட்ணம். முன்னால் நான்கு பக்கங்கள்.

அக்காவின் தம்பி பெனடிக்ற் நோர்வேயின் வடக்கில் மீன் பக்டரியில் வேலை செய்கிறான். மூன்று வருடமாக ஐஸுக்குள் கை வைத்து விரல்கள் மரத்துவிட்டன. அந்த ஊரில் ஒரு மியூசியம் உண்டு. முன்னூறு வருடங்களுக்கு முன் அங்கே கிறிஸ்தவக் குருவாக இருந்து, கடலையும் மீனையும் பாடிய கவிஞரின் வீடு அது. பக்டரித் தமிழருக்காகத் தமிழில் ஒரு விளக்கத்தாள் கேட்டிருந்தார்கள். அது நல்லதாக அமைந்தால் பெனடிக்றுக்கு அங்கேயே வேலை. தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு கடிதத்தோடு ஆங்கிலத் தாளை எனக்கு அனுப்பியிருந்தான்.

எழுதியதை வாசித்தேன். “நான்காவது அறையில் இருப்பது சுவாமியாரின் மனைவியின் பெட்டி.”

அக்கா சிலுவை போட்டார். “சுவாமியாருக்கு மனிசியோ? என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?”

“இங்கிலீசில அப்பிடித்தான் கிடக்கு அக்கா.”

“அங்க முழுக்க மன்னார்க் கத்தோலிக்கப் பெடியள். பெனடிக்றைக் கிழிச்சுப் போடுவாங்கள். மனிசியை வெட்டும்.”

“வெட்டலாம்,” என்றார் கனகலிங்கம் அண்ணை. “பிறகு சுவாமியார் வீட்டில கிடக்கிற பொம்பிளைப் பெட்டி ஆற்றை எண்டு கேப்பாங்கள். அது இன்னும் வில்லங்கமெல்லோ?”

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயர் எண்டு போடுங்கோவன். எங்கட ஐயர்மாருக்கு மனிசி பிள்ளையள் இருக்கு,” என்றார் அண்ணை.

“ஐயர் பிறகென்னத்துக்கு மீனைப் பாடினவர்?” என்று அக்கா கேட்டார்.

அண்ணை தேத்தண்ணியைக் குடித்தார்.

பிழை என்னுடையதுதான். நான் படித்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சுவாமியாரைத் தவிர வேறு குருவைக் கண்டதில்லை. கை தானாக எழுதிவிட்டது.

“அவர் எங்கட சபை இல்லை அக்கா. குருமார் கலியாணம் கட்டுற மற்றச் சபை. போதகர் எண்டுதான் வரோணும்.”

“மற்றச் சபைக்காரரோ? அவற்றை வீட்டிலயோ இவன் வேலை செய்யப் போறான்?”

அக்கா பெனடிக்றின் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பேனை பிடிக்க ஏலாமல் எழுதிய எழுத்து, வரிக்கு வரி சரிந்திருந்தது.

“எந்தச் சபையெண்டாலும் அந்த வீட்டுக்குள்ள ஹீற்றர் இருக்குமெல்லோ?” என்றார். “போதகர் எண்டே எழுதும்.”

சுவாமியார் பதினொரு இடத்தில் வந்திருந்தார். வெட்டித் திருத்தினால் மியூசியத்துக்குக் கொடுக்க அழகில்லை என்று நான்கு பக்கங்களையும் புதிதாக எழுதினேன். அண்ணை வாசித்துச் சொன்னார். மனைவியையும் பெட்டியையும் இருந்த இடத்திலேயே விட்டேன்.

தபாற்கந்தோர் பன்னிரண்டரைக்குப் பூட்டும். பன்னிரண்டு பத்துக்கு அக்கா உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தித் தந்தார். ஓடிப்போய் எக்ஸ்பிரஸில் போட்டேன்.