ஈர்க்கு அளவு

எழில்மதி நொண்டுகிறாள் என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டுத் தைலம்மாள்தான். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். "எங்க நாத்தனார் பொண்ணுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது. அப்பறம் நடக்கவே இல்ல" என்று பிள்ளையைப் பெற்ற கலையரசியிடம் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கலையரசிக்கு அதற்குமேல் கைகால் ஓடவில்லை. கரியாலூர்ப் பக்கம் ஜீப் ஓட்டும் கணவன் பகலவனுக்குப் போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. களைவெட்டுக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நைனார்பாளையத்தில் பஸ் ஏறினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை இடுப்பில் சுமப்பது லேசா? ஆனாலும் கீழே விட மனசு வரவில்லை. நடக்காத பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள், தனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கள்ளக்குறிச்சி வருவதற்குள் மகளுக்குக் கிழவயசு வரைக்கும் யோசித்து முடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் இடுப்பை அசைத்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"ஷூவக் கழட்டுங்க."

சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மற்ற விரல் நுனியெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. குளிப்பாட்டும்போது கலையரசி அந்தச் சிவப்பைப் பார்த்தவள்தான்; புது ஷூ கடிக்கத்தான் செய்யும் என்று தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியவளும் அவள்தான்.

டாக்டரம்மா பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிறுத்தி, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் ஷூவை வைத்தார். கோடு சுற்றிலும் வெளியே தெரிந்தது.

"யாரு அளவெடுத்தது?"

"நாந்தாங்க டாக்டரம்மா. அவருதான் டவுன்ல வாங்கியாந்தாரு. தொடப்பத்து ஈர்க்க கால்ல வெச்சி ஒடிச்சிக் குடுத்தேன். முழிச்சிக்கினு இருந்தா கூச்சத்துல கால இழுத்துக்குவா, அதான் தூங்கும்போது..."

"படுத்திருக்கிற கால அளந்தா பத்தாதும்மா. நின்னா பாதம் நீளும், அகலும். விரலுக்கு முன்னாடி வளர்றதுக்கும் எடம் விடணும். இந்த வயசுல எலும்பு இன்னும் கெட்டியாகல. ஷூ அமுக்குற பக்கமே வளைஞ்சி வளரும்."

"நடப்பாளாங்க?"

"நல்லா நடப்பா. இத இனிமே போடாதீங்க. அந்தச் சின்ன விரல் நேராகுதான்னு போகப்போகப் பாப்போம்."

போன உயிர் வந்தது. ஆனால் அந்தப் 'பாப்போம்' மனசை விட்டுப் போகவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் பயமெல்லாம் கோபமாய் மகள் மேல் திரும்பியது.

"இன்னாடி, வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"நீதான பாக்குறவங்ககிட்டல்லாம் எம்பொண்ணுக்கு கச்சிதமா இருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்த? வெரல மடக்கிக்கினா உள்ள பூந்துக்கும்மா."

கலையரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சின்னப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்ப்பதைக்கூட நினைக்காமல் அழுதாள்.

எழில்மதி மிரண்டுபோனாள். அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அழாதம்மா. நாளையிலேர்ந்து இன்னும் நல்லா மடக்கிக்கிறேன்."