ஹுமைராவின் பெயர் மட்டும்

எந்தக் காரியத்தையும் மகன் குவைத்திலிருந்து வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது நன்னிலம் ஜன்னத் பீவியின் வழக்கம். பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டு வந்த மருமகள் ஹுமைராவைத் தங்கள் அட்டையில் சேர்க்கவும் அவள் அவசரப்படவில்லை. "புள்ள பொறக்கட்டும். ரெண்டு பேரையும் ஒண்ணா சேத்துக்கலாம்."

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. கர்ப்பப்பையிலுள்ள கட்டியை அகற்றாவிட்டால் இனியும் கரு தங்காது என்றார் மருத்துவர். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் ரேஷன் அட்டையைத் திருப்பித் தந்தாள்.

"இவங்க பேரே இல்லையேம்மா. பேரு இருந்தாத்தான் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ண முடியும்."

"விடுங்க மாமி, அவங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்ற ஹுமைராவின் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலையில் ஜன்னத் பீவி தாலுகா அலுவலகத்தில் தனியே நின்றாள்.

"எத்தன பேரச் சேக்கணும்?" என்று கேட்டார் எழுத்தர்.

"மருமவ ஒருத்திதாங்க. புள்ள தங்கல. அவள இத்தன நாளும் சேக்காம வச்சிருந்தது என் தப்புங்க."