மொட்டை எலுமிச்சைக்கு ஒரு வரிசை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு சனிக்கிழமை காலை சித்தி என் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், "உங்க சித்தப்பா எனக்குத் துரோகம் பண்ணிட்டாருடா" என்றாள்.

"யாரு சித்தி அவ?"

"அவ இல்லடா. அதுங்க. புழு."

அங்கேயே இது கதை என்று தெரிந்துவிட்டது. எழுதலாமா என்று கேட்டேன். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் தனக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். ஆகவே நீங்கள் படிப்பதற்கு முன்னால் இதை ஒருவர் படித்துவிட்டார். சில இடங்களில் குறுக்கே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

[முதல் தொடக்கம்: "காற்றெல்லாம் பூமணம் கமழும் அந்தச் சிற்றூரில்…" அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் காற்றே எப்போதாவதுதான் வரும்.]

[இரண்டாவது தொடக்கம்: "இயற்கையை நாம் தொலைதூரத்தில் தேடுகிறோம், ஆனால்…" இதைப் படித்த சித்தி கொட்டாவி விட்டாள்.]

நேராகவே சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தோட்டக்காரர்கள் மன்றம் உண்டு. தலைவி, மருந்துக்கடைக்காரம்மா. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களைத் திறந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு கூழாங்கல் கையில் இருக்கும். எந்தத் தோட்டம் பிடிக்கிறதோ அந்த வீட்டு வாசலில் இருக்கும் பானையில் போட வேண்டும். வருடா வருடம் மருந்துக்கடைக்காரம்மாவின் ரோஜாக்களுக்குத்தான் பானை நிறையும்.

இந்த வருடம் சித்தியிடம் ஓர் எலுமிச்சை இருந்தது. பெரிய தொட்டியில், பந்து போல் கத்தரித்து, குழந்தையைப் போல வளர்த்தது. பூவும் பிஞ்சுமாக நின்றது. "இந்த வாட்டி ரோஜா காலி" என்று கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.*

* "கடைவீதி முழுக்கன்னு எப்ப சொன்னேன்? தையல்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்கிறாள் சித்தி. தையல்காரரிடம் சொன்னால் கடைவீதி முழுக்கச் சொன்ன மாதிரிதான்.

3

சித்தப்பாவை எழுதுவதுதான் கஷ்டம். அவர் லாரி ஓட்டியவர். மலை, பாலைவனம், கடலோரம் என எல்லாவற்றையும் கண்ணாடி வழியே பார்த்தவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். மன்றத்தின் பேரைக் கேட்டாலே சிரிப்பார். "காட்டுக்குள்ளயே வண்டி ஓட்டினவன் நான். தொட்டியில நிக்கிறதைப் பார்க்கணுமா?"

இப்படிப்பட்டவர் புழுவுக்காக நின்றார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? எனக்கே சந்தேகமாக இருந்தது. கேட்டேன்.

"கால நீட்டி உக்காரச் சொல்லிட்டாங்க. எதிர்ல அந்த மரம். வேற எதைப் பார்க்கிறது?" என்றார். "இலை மேல பறவை எச்சம் கிடந்துச்சு. அது நடந்துச்சுடா!"

அவ்வளவுதான். மறுநாளும் பார்த்தார். அது தோல் உரித்துப் பச்சைப் புழுவானது. அதன் கூட்டாளிகள் தென்பட்டார்கள். இலைகள் குறைய ஆரம்பித்தன. சித்தப்பா யோசித்து ஒரு காரியம் செய்தார். கடித்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தார். இன்னொரு பக்கம் குறைந்ததும் இன்னும் கொஞ்சம் திருப்பினார். திருப்புவதற்குப் பக்கம் இல்லாமல் போன அன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

4

நான் சித்தியோடு அவள் வீட்டுக்குப் போனபோது அவள் கையில் பூச்சிமருந்துத் தெளிப்பான் இருந்தது. மரத்துக்கு முன்னால் சித்தப்பா ஊன்றுகோலோடு நின்றார். மரத்தில் குச்சியும் பிஞ்சும்தான் மிச்சம்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மருந்து அடிச்சிருப்ப."

"அடிச்சிருப்பேன்தான்!"

"அதான் சொல்லல."

"இத்தனை வருஷம் ஊர் ஊரா சுத்துனீங்க. ஒரு வார்த்தை கேட்டேனா? வீட்ல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் திருடனுக்குத் திறந்து விட்டிருக்கீங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை. "திருடல. பசிக்குது, சாப்பிடுது. உன் மரம் திரும்பத் துளிர்க்கும். இதுங்க செத்தா செத்ததுதான்."

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன்: "லாரி ஓட்டிய காலத்தில் தன் மகள் வளர்ந்ததை அருகிலிருந்து பார்க்காத அந்த மனிதர், அந்தப் புழுக்களில்…" சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "புழுவைத்தான்டா பார்த்தேன்" என்றார். எடுத்துவிட்டேன்.]

சித்தி தெளிப்பானை அவர் கையில் திணித்தாள். "அடிக்கிறதும் அடிக்காததும் உங்க இஷ்டம். நாளைக்கு வர்ற ஜனத்துக்கும் நீங்களே பதில் சொல்லுங்க. நான் இங்க இருக்க மாட்டேன்." குரல் உடைந்தது. அவள் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.*

* "அழல. மருந்து நெடி கண்ணுல பட்டுச்சு."

5

ஞாயிற்றுக்கிழமை சித்தியும் நானும் மருந்துக்கடைக்காரம்மா வீட்டில், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலையில் நல்ல கூட்டம். வெயில் ஏற ஏறக் கூட்டம் கரைந்தது. ரோஜாக்கள் மட்டும் நின்றன.

"எங்க போய்ட்டாங்க எல்லாரும்?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்து, சித்தியிடமே கேட்டாள். "ஏங்க, ஒரு லாரிக்காரர் புழு காட்டுறாராமே, அந்த வீடு எது?"

சித்தி கையிலிருந்த டம்ளரை வைத்தாள். தன் வீட்டுக்கு வழி சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் பின்னாலேயே நடந்தாள். நானும் தலைவியும் பின்தொடர்ந்தோம்.

வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை வரை நின்றது. சித்தி நேராக உள்ளே போகப் பார்த்தாள். ஒரு பெரியவர் தடுத்தார். "அம்மா, நடுவுல புகாதீங்க. நாங்களும் வரிசையிலதான் நிக்கிறோம்."

சித்தி தன் வீட்டுக்குள் போகத் தெருமுனைக்குப் போய் வரிசையில் நின்றாள்.

கிட்டே வர வர, சித்தப்பாவின் குரல் கேட்டது. "சின்ன வயசுல எச்சம் மாதிரி வேஷம், ஒரு பறவையும் கிட்ட வராது. வளர்ந்ததும் பச்சைச் சட்டை. லேசா தொட்டா… நீங்க தொடாதீங்க, நான் தொடுறேன்… பார்த்தீங்களா, ஆரஞ்சுக் கொம்பு! நாத்தம் வருதா? அதான் இவரோட ஹாரன். வழி விடுன்னு அர்த்தம்."

சிரிப்பு வெடித்தது. எங்கள் முறை வந்தது. சித்தப்பா நிமிர்ந்தார். பேச்சு நின்றுவிட்டது.

"அப்புறம் என்னங்க?" என்றார்கள் பின்னால்.

"அப்புறம்… மரத்தை வளர்த்தது இவங்கதான். நான் சும்மா பார்த்தவன். மிச்சத்தை இவங்களைக் கேளுங்க."

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். "புழுவுக்குன்னே வளர்த்தீங்களாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

[இந்த இடத்தில் அவளுக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் பெருந்தன்மையோடு பேசினாள். உண்மையில் சொன்னது வேறு.]

"இல்லைங்க. ஜெயிக்கிறதுக்குன்னு வளர்த்தேன்" என்றாள் சித்தி. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவையை ஒதுக்கிக்கொண்டு மரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். "எங்க, அந்தக் கொம்பை எனக்கும் காட்டுங்க."

சித்தப்பா காட்டினார். சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.

6

பானை நிறைந்து, கூழாங்கற்கள் வாசலில் குவிந்தன. மருந்துக்கடைக்காரம்மாதான் முதலில் சித்தியைக் கட்டிக்கொண்டார். "என் ரோஜாவை ஒரு பூச்சி திரும்பிப் பார்த்ததில்ல. இன்னைக்குத்தான் எனக்கு அது குறையாத் தெரியுது."

இங்கேயே முடிக்கலாம். அல்லது அன்றே, கூட்டத்துக்கு நடுவே, ஒரு பட்டாம்பூச்சி பறந்ததாக முடிக்கலாம். பறக்கவில்லை. புழுக்கள் மரத்தை விட்டு இறங்கி ஆளுக்கொரு மூலைக்குப் போய்க் கூட்டுப்புழுவாகிவிட்டன. ஒன்று வாசல் கேட்டின் தாழ்ப்பாளிலேயே தொங்குகிறது. அதனால் கேட்டை மூடுவதில்லை. நாய் வராமலிருக்கச் சித்தி ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறாள். அதில் இருவரும் மாறி மாறி உட்காருகிறார்கள்.

அது எப்படியெல்லாம் முடியக்கூடும் என்று நான் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். முதலாவது, அது

சித்தியின் போன். "டேய், கூடு கறுத்துடுச்சு, உள்ள றெக்கை தெரியுது. சித்தப்பா மூச்சுகூட விடாம நிக்கிறாரு. இன்னும் என்னடா எழுதிக்கிட்டிருக்க? ஓடி வா!"

முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன். வழியில் மருந்துக்கடைக்காரம்மாவையும் கூப்பிட வேண்டு