இரண்டு கறுப்புக் கண்ணாடிகள்

வேறோர் ஆய்வகத்தில் வேலை கிடைத்து ஹேமிஷ் வியன்னாவுக்குப் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. போகிற அன்று கான்பெரா விமான நிலையத்தில், கூட ஆராய்ச்சி செய்த ரொவீனாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். அவர்கள் சோதனையின் திரையில் கோடுகள் விழுந்த மறுநாளே டிக்கெட் எடுத்துவிடுவான், கடைசி அளவீடுகளை இருவரும் சேர்ந்தே எடுப்பார்கள். ரொவீனா கோடுகளுக்காகக் காத்திருக்கிறாள் என்று பல்கலைக்கழகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவனுக்காகத்தான் காத்திருந்தாள்.

சோதனை சொல்வதற்கு எளிது. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் அணுக்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். எதிரே இரண்டு பாதைகள். எந்தப் பாதையில் போனது என்ற தடயமே இல்லாதபடி விட்டுவிட்டால், ஒற்றை அணு இரண்டிலும் போனதுபோல் நடந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் விழுந்து சேர்ந்ததும் திரையில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரியும். இடது பாதையில் ஒரு சின்ன ஒளியை வைத்து வேவு பார்த்தால் போச்சு. அணு ஏதோ ஒரு பாதையோடு நின்றுவிடும், கோடுகள் அழிந்து மங்கலாக ஒரே திட்டுதான் மிஞ்சும்.

கோடுகளை முதலில் வரவழைத்து, பிறகு வேவு ஒளியைத் திறந்து அவை அழிவதைக் காட்ட வேண்டும். ரொவீனாவுக்கு முதல் பாதியே கிட்டவில்லை. ஒளியை மூடித்தான் வைத்திருந்தாள், அது வேவு பார்ப்பதைக் குறித்துக்கொள்ளும் பதிவுக் கருவியையும் அணைத்திருந்தாள். பதினொரு மாதமாக வந்ததெல்லாம் திட்டுதான்.

ஒளியை அடியோடு அணைத்துவிடலாம். ஆனால் அணைத்தால் அது குறி தப்பிவிடும். மறுபடி குறி சேர்க்க இரண்டு பேர் ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் அதன் முன்னால் ஒரு மூடி. அந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. பேட்மன்ஸ் பே கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது, காரில் கிடந்த இருவருடைய குளிர்கண்ணாடிகள் மேலும் ரொவீனா உட்கார்ந்துவிட்டாள். கடலில் வெயில் பட்டுக் கண் கூசாமல் இருக்கப் போடுகிற வகை அவை. ஹேமிஷ் கோபப்படவில்லை. ஒவ்வொன்றிலும் உடையாமல் தப்பிய வில்லையைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்துத் திருப்பினான். இரண்டும் சேர்ந்து தார்போல் கறுத்தன.

"உன்னோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. இதைத் தாண்டி ஒரு பொட்டு வெளிச்சம் போகாது பாரு," என்று சொல்லி வேவு ஒளியின் முன்னால் ஒட்டினான். அன்று அவன் விரலில் பசை ஒட்டியிருந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஜூலைக் குளிரில் ஒரு நாள் காலை, குளிர்நீர்க் குழாய் சொட்டுகிறது என்று பட்டறைக்காரர் மிரோவைக் கூப்பிட்டாள். பக்கத்து ஊரான குவீன்பியனிலிருந்து தினமும் வருகிற மனிதர், அறுபது வயது, வாய் சும்மா இருக்காது. முந்தின மாதமும் இதே குழாய்தான், இந்த ஆய்வகத்தில் உருப்படியாக ஓடுவது தண்ணீர் மட்டும்தான் என்று கிண்டலடித்துக்கொண்டே தன் பழைய கைபேசியில் குழாயைப் படம் எடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"டாக்டர், இந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால என்ன விளக்கு எரியுது?"

எதுவும் எரியவில்லை என்றாள். அவர் படத்தை நீட்டினார். மூடியின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி, பளிச்சென்று.

ரொவீனாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் அந்த வில்லைகள் தடுக்கும். வேவு ஒளியோ அகச்சிவப்பு. கண்ணுக்குத் தட்டுப்படாது, கைபேசிக்குத் தட்டுப்படும். பதினொரு மாதமாக அது மூடியை ஊடுருவிப் போய் அணுக்களின் மேல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. இது ஒளியைப் பற்றிப் படித்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு. மற்றவர்கள் பேசாமல் ஒரு தகரத்தை வைத்து மூடியிருப்பார்கள்.

மிரோவுக்கு ஒன்று பிடிபடவில்லை. பதிவுக் கருவி அணைந்து கிடக்கிறது, பார்க்க ஆளே இல்லை, அப்புறம் அணுவுக்கு என்ன கூச்சம் என்று கேட்டார்.

"யாரும் பாக்க வேண்டாம் மிரோ. ஒளி தொட்டுட்டா போதும். அதுக்கப்புறம் பழைய மாதிரி இருக்காது."

மிரோ பட்டறைக்குப் போய், பத்து நிமிடத்தில் ஓர் அலுமினியத் தகட்டை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தகட்டை அவள் அன்று மாட்டவில்லை. மறுநாளும் மாட்டவில்லை. மாட்டினால் கோடுகள் விழும். விழுந்தால் ஹேமிஷைக் கூப்பிட வேண்டும். அவன் கடிதங்கள் மார்ச்சிலிருந்தே நாலு வரிக்குச் சுருங்கிவிட்டன. இரண்டு முறை ஏன் என்று கேட்டு எழுதப்போய், எழுதியதை அழித்திருந்தாள். திட்டு மட்டுமே விழுந்துகொண்டிருந்த வரையில் அவன் வருகிறவனாகவே இருந்தான். அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். நாற்பது வயதில் இதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை மாட்டினாள். வில்லைகளைப் பிய்த்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். திங்கட்கிழமை மாலை நாலரைக்குத் திரையில் கோடுகள் நின்றன. ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, மறுபடி வெளிச்சம். அவ்வளவு அழகை அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

வியன்னாவில் அப்போது காலை எட்டரை. ஹேமிஷ் உடனே எடுத்தான். செய்தியைக் கேட்டுக் கூத்தாடினான். எத்தனை அணு, எத்தனை மணி நேரம் என்று துருவித் துருவிக் கேட்டான். கண்ணாடி விஷயத்தைச் சொன்னதும் இருமல் வருகிற வரை சிரித்தான். தரவுகளை அனுப்பச் சொன்னான், வரைபடங்களை இன்றைக்கே தொடங்கிவிடுவதாகச் சொன்னான். பிறகு, அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தான்.

"ஹேமிஷ், எப்ப வர்றே?"

அந்தப் பக்கம் ஒரு டிராம் மணி அடித்தபடி போனது.

"ரோ, நான் மார்ச்லயே இங்க இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

"தெரியும்," என்றாள் ரொவீனா. "அதனாலதான் கேக்கலை."