இரவல் ரிப்போர்ட்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் சுகாதார மையத்துக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பான். கொடுப்பது ஒருவன், பலன் இரண்டு பேருக்கு. அவனோடு நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் ஆளுக்கு, அவன் அக்கா கேலியாக வைத்த பெயர் மாப்பிள்ளை. கஞ்சி போட்ட சட்டை, காலாட்டிக்கொண்டே பேசும் தோரணை, குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்காத கை. ரிப்போர்ட்டில் எச்.ஐ.வி. இல்லை என்ற வரியைப் பார்த்ததும், "நமக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று நெஞ்சை நிமிர்த்துவார். ஒரே வீடு, ஒரே படுக்கை, அதனால் ஒரே பரிசோதனை போதும் என்பது அவருடைய விஞ்ஞானம். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிற கடைக்காரனும் இதை நம்பித் தொலைத்திருந்தான்.

இந்த முறை மையத்து நர்ஸம்மா, துணைவர் எப்போது பரிசோதித்துக்கொண்டார் என்று கேட்டார். என்னுடையதுதானே அவருக்கும் என்று இவன் சொல்ல, அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் ரத்தம் உங்களைப் பற்றி மட்டும்தான் சொல்லும், அவருக்குக் கிருமி இருந்தும் உங்களுக்கு இன்னும் தொற்றாமல் இருக்கலாம் என்றார். வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். தொற்றாமல் காக்கும் தினசரி மாத்திரை பற்றியும் சொல்லி அனுப்பினார்.

பெட்டியைக் கண்டதும் மாப்பிள்ளை முகம் சுளித்தார். தான் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்றார். தினம் இரண்டு வேளை குளிக்கிறவனுக்கு இதெல்லாம் வராது என்றார். பேச்சு வேகத்தில் வாய் தவறியது.

"நான் வெளிய பாத்த ஆளுங்கள்ல ஒருத்தன்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல. உன் ரிப்போர்ட்ட காட்டினா ஆணுறைகூடக் கேக்க மாட்டானுங்க."

"எத்தனை பேரு?"

"உன் பேர மட்டும் விரலால மறைச்சுக்குவேன். உன் மானம் போகக்கூடாதுல்ல."

அழுகை வரும் என்றுதான் கடைக்காரன் எதிர்பார்த்தான். வந்ததோ, சோற்றில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் வருமே, அது.

"குத்திக்கோங்க. இது என் உயிர்."

அத்தனை நேரம் வாய் கிழியப் பேசியவர் ஊசிமுனையைக் கண்டதும் கண்ணை இறுக மூடி இவன் தோளைப் பற்றிக்கொண்டார். வந்தது ஒரே சொட்டு. முடிவு தெரிய இருபது நிமிஷம் ஆனது. கடைசியில் ஒற்றைக் கோடு விழுந்தது. கிருமி இல்லை.

"பாத்தியா? சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணினே" என்று சாய்ந்து உட்கார்ந்து, ராத்திரிக்கு என்ன சமையல் என்று விசாரித்தார் மாப்பிள்ளை.

கடைக்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த ஆளுக்கா நாலு வருஷம் வடித்துக் கொட்டினோம் என்ற வெட்கமும் கூடவே வந்தது.

"புதுசா ஒட்டியிருந்தா இதுல தெரியாதாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை குத்திக்கணும். அதை உங்க அம்மா வீட்டுல போய்க் குத்திக்கோங்க."

விளையாட்டு என்று நினைத்து மாப்பிள்ளை சிரித்தார். கடைக்காரன் அலமாரியைத் திறந்து, அவர் துணிகளை மடிக்காமலேயே பையில் திணிக்க ஆரம்பித்தான்.